பட்டம் வேண்டாத கடிதம்

கடிதம் இலக்கியமாகுமா? திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வகுப்பறையொன்றிலே தமிழ் உரைநடை வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுப்பிய வினா இது. நாவலரின் வசனநடைச் சிறப்பை அப்பொழுதுதான் விளக்கி முடித்திருந்தேன். கப்பலேறிப் போன தன் பாட்டனார் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தகரப்பெட்டியொன்றிற் கிடப்பதாகவும், அவற்றைப் படிக்கையில் பாடநூலிற் காணாத சுவை தோன்றுவதாகவும் அவன் சொன்னான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியபோது நான் மீண்டும் எடுத்துப் படித்தவை வடலூர் இராமலிங்க அடிகளின் கடிதங்கள்.

சென்னையை விட்டு நீங்கிக் கருங்குழியில் வாழ்ந்த காலத்திலே, சென்னையிலிருந்த தம் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு அடிகள் பல கடிதங்கள் எழுதினார். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாக வெளியிட்ட பதிப்பிலே அவையும் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது.

அடிகளின் பாடல்களை அச்சேற்ற வேண்டுமென்று முதலியார் பல்லாண்டு முயன்றார். அடிகள் இணங்கவில்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒரு வேளையே உண்பதென்று முதலியார் நோன்பு பூண்டார். அன்பர் பட்டினி கிடக்கப் பொறாத அடிகள் ஈற்றில் இசைந்தார். ஆயினும் ஒன்றை மறுத்தார். ‘இராமலிங்கசாமி’ என்று தம்மை வழங்குவது தமக்குச் சம்மதமன்று என்றும், அப்பெயர் ஆரவாரமாகத் தோன்றுதலால் அதனை விலக்க வேண்டுமென்றும் எழுதினார்.

இக்கடிதத்தின் நடை எத்தகையது? வடசொற்கள் விரவிய, அக்காலத்துப் பேச்சுக்கு அணித்தான நடை. நாவலரின் வசனம் பலருக்குக் கற்பிக்கவும் எதிரியை மறுக்கவும் எழுந்தது. அதனால் அதற்கு இறுக்கமும் திட்பமும் வாய்த்தன. அடிகளின் வசனமோ ஒரு மனிதனை நோக்கிப் பேசுகின்றது. வாழ்த்துகின்றது, நலம் உசாவுகின்றது, பின்னர்த் தன் மறுப்பைக் காரணத்தோடு கூறி அமைகின்றது. தம்மைச் சாமியென அழைக்க வேண்டாமென்று சொல்பவர் அதனையே ஒரு பெருமையாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. ஆறாந் திருமுறையிலே சாதியையும் சமயச் சழக்கையும் சாடும் குரலை இங்கே தேடுவோர் ஏமாற்றமடைவர் என்பது உண்மையே. ஆனால் அக்குரலுக்கு உரிமை பூண்ட மனிதர் எத்தகையவர் என்பதை இக்கடிதம் காட்டுகின்றது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1867ஆம் ஆண்டு பெப்ருவரியில் திருவருட்பா வெளிவந்தது. ‘சாமி’ என்ற சொல் நீங்கியது. அதனினும் பெரிய ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்ற பட்டம் ஏறியது! ‘அருட்பா’, ‘திருமுறை’ என்னும் பெயர்கள் நாவலரணிக்குக் கண்டனப் பொருளாயின. சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஈழத்தவராகிய நாம் அச்சண்டையை நம்மூர்ப் பெரியவர் பக்கம் நின்றே கேட்டு வளர்ந்தோம். நானும் அவ்வாறே கற்றேன், அவ்வாறே கற்பித்தேன். பெயரைக் குறித்து மூண்ட போரிலே, பெயர் வேண்டாமென்று எழுதியவரின் கடிதத்தை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

அதே 1867இன் மே மாதத்தில் வடலூரிலே தருமசாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. பட்டத்தை விலக்கிய உள்ளமும், சாதி சமயம் வினவாமல் பசித்தவனுக்குச் சோறிட்ட உள்ளமும் ஒன்றே. தன்னை மற்றவர்க்கு மேலாக நிறுத்திக்கொள்பவனுக்குப் பசித்தவனின் முகம் தெரிவதில்லை.

கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே தோன்றிய ஹசிதிய நெறியிலும் ரபிகள் ஒருவருக்கொருவர் எழுதிய கைக்கடிதங்களைச் சீடர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். இன்று அவை ஏலத்திலே பெருவிலை பெறுகின்றன. பெரியோரின் கையெழுத்தைப் போற்றுவது தவறன்று. ஆனால் தாளைக் கண்ணிலொற்றிக்கொண்டு, அதில் எழுதியிருப்பதைப் படியாது விடுவது எவ்வகை மரியாதை? பட்டமும் பொன்னாடையும் மேடைக்கு மேடை மலிந்துள்ள நம் இலக்கிய உலகம் இக்கடிதத்தை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும்.

அடுத்த வகுப்பிலே அம்மாணவனுக்கு விடை கூறினேன். ஒருவன் தன் நெஞ்சை மறையாது இன்னொருவனுக்கு எழுதியது, காலங் கடந்து மூன்றாமவனையும் தொடுமாயின் அது இலக்கியமே என்றேன். நாவலரின் வசனத்தோடு அடிகளின் கடிதத்தையும் அன்று கரும்பலகையில் எழுதினேன். பாட்டனாரின் கடிதங்களைக் கொண்டுவரும்படி அவனிடம் கேட்டிருக்கிறேன்.