கழித்துவிட்ட தட்டுகளும் காணாமற்போன குரல்களும்

மேலைநாட்டு நகரங்களில் அறநிறுவனக் கடைகள் என்று ஒருவகைக் கடைகள் உண்டு. தமக்கு வேண்டாதவற்றை மக்கள் அங்கே இலவசமாகக் கொடுத்துச் செல்வர். தன்னார்வப் பணியாளர் அவற்றைத் துடைத்து, விலையிட்டு விற்பர். கிடைக்கும் வருவாய் ஏழையர்க்குச் சேரும். 1942இல் பஞ்ச நிவாரணக் குழுவாக ஆக்ஸ்போர்டில் தோன்றிய ஆக்ஸ்பாம் நிறுவனம் அந்நகரின் பிராட் தெருவில் நடத்திவரும் கடை, இவ்வகையில் பெயர்பெற்ற ஒன்று. அருளாளர் ஓசானாம் தம் நண்பர்களோடு 1833இல் பாரீசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கடைகளை நடத்துகிறது. நம் பங்குகளில் ஞாயிறுதோறும் உண்டியல் ஏந்தி நிற்கும் அதே சபைதான்.

இக்கடைகளின் மூலையில், பெரும்பாலும் தரையோடு தரையாக, பழைய இசைத்தட்டுப் பெட்டிகள் கிடக்கும். அவற்றைத் தேடி வருவோர் ஒரு தனிக்கூட்டம். அவர்கள் முழந்தாளிட்டே தேடவேண்டும். உறைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டுவர். ஒரு தட்டை உருவி, வெளிச்சத்திற்கு நேரே சாய்த்துக் கீறல் பார்ப்பர். நடுத்தாளை ஒட்டிய வெற்று வளையத்தில் வார்ப்படத்தைச் செதுக்கியவர் பொறித்த பொடி எழுத்துகளைப் படிப்பர். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டை அறிமுகம் செய்தபின், உடையும் அரக்குத்தட்டு போய், வளையும் வினைல் தட்டு வந்தது. குறைந்த செலவில் சில நூறு படிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ளப் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் அதனால் வாய்ப்புக் கிடைத்தது. அந்தச் சில நூறு தட்டுகளில் எஞ்சியவைதாம் இன்று இப்பெட்டிகளில் கிடக்கின்றன.

இத்தேடலைக் குறித்து ஒரு திறனாய்வு எழுதுவானேன் என்று நம் வாசகர் வினவலாம். தேடுவோர் பெரிதும் விரும்புவது பேரிசையாளரின் தட்டுகளை அன்று, விசித்திரமானவற்றையே. மறையுரைக்குப் பொம்மையைப் பேசவைக்கும் போதகர், குடும்பமாய்ப் பாடும் ஊழியக்காரர், கித்தார் ஏந்திய கன்னியர், சுருதி சேராத ஆலயப் பாடற்குழு: இத்தகையோர் அப்பெட்டிகளில் மிகுதி. உலகம் வேடிக்கை என்று எடுத்துச் சிரிப்பவற்றுள் ஒரு பெரும்பகுதி, இறைவனைப் புகழ எண்ணிப் பாடியவர்களின் குரல். ஆகவே இது நம்மைத் தொடும் செய்தி.

விசித்திரம் என்னும் அளவுகோல்

இந்தச் சுவைக்கு இலக்கணம் வகுத்த நூல் ஒன்றுண்டு. 1993, 1994ஆம் ஆண்டுகளில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து இரு தொகுதிகளாக வெளிவந்த ‘இன்கிரெடிபிளி ஸ்ட்ரேஞ்ச் மியூசிக்’ அது. நம்பமுடியாத விசித்திர இசை என்பது தலைப்பின் பொருள். பழந்தட்டுச் சேகரிப்போரை நேர்கண்டு, அவர்தம் கண்டெடுப்புகளைப் படங்களுடன் அது தொகுத்துத் தந்தது.

அந்நூல் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. இசைத்தொழில் கூடங்கள் வெளியிடும் விற்பனைப் பட்டியல்தான் இசை வரலாறு என்ற மயக்கத்தை அது கலைத்தது. பட்டியலில் இடம்பெறாத எளியோரும் பாடினர், அவர்தம் பாட்டும் காதுகொடுத்துக் கேட்கத்தக்கது என்று காட்டியது. எனினும் அதன் அடிப்படைச் சொல்லிலேயே ஒரு குறை இருக்கிறது. விசித்திரம் என்பது பொருளின் இயல்பு அன்று. பார்ப்பவனுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள தொலைவின் பெயர். ஓர் ஆலயக்குழுவின் பாட்டு, பாடியவர்க்கும் அவர்தம் பங்கு மக்களுக்கும் விசித்திரமாயிருக்கவில்லை. அது பெட்டிக்குள் விழுந்து, பெயரும் ஊரும் அறியாதவன் கைக்கு வந்தபின்னரே விசித்திரமாயிற்று. பாடியவர் யார், அவர் என்ன ஆனார் என்று கேளாதவரை அந்தத் தொலைவு குறையாது. இச்சுவையின் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு இதுவே: அது பொருளைக் கண்டெடுக்கிறது; ஆளைத் தேடுவதில்லை.

இதற்கு விலக்குகளும் உண்டு. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன மூன்று உவமைகள் நினைவிற்கு வருகின்றன. காசு, ஆடு, மகன் என மூன்றும் காணாமற்போயின. ஆனால் மூன்றும் ஒரே விதமாகக் காணாமற்போகவில்லை. மூன்று தட்டுகளை அவற்றோடு வைத்துப் பார்ப்போம். எந்த ஒப்புமையும் முழுமையானதன்று என்பதையும் நினைவிற்கொள்வோம்.

காசு

காணாமற்போன காசு தான் காணாமற்போனதை அறியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் லாங்லி வட்டாரப் பள்ளிகளில் இசை கற்பித்த ஹான்ஸ் பெங்கர் என்னும் ஆசிரியர், 1976, 1977ஆம் ஆண்டுகளில் தம் மாணவரைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அமர்த்திப் பாடவைத்துப் பதிவு செய்தார். அக்காலத்து வானொலிப் பாடல்களே அவர்கள் பாடியவை. இரு நெடுந்தட்டுகள் அச்சாகிப் பிள்ளைகளின் இல்லங்களுக்குப் போயின. கதை அத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் 2000ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் விக்டோரியா நகரிலுள்ள பழம்பொருட் கடையொன்றில் ஒரு சேகரிப்பாளர் அவற்றில் ஒன்றைக் கண்டெடுத்தார். 2001இல் இரு தட்டுகளும் சேர்ந்து ‘இன்னொசன்ஸ் அண்ட் டிஸ்பேர்’ என்னும் தலைப்பில் உலகெங்கும் வெளியாயின.

நண்பர் ஒருவர் தந்து முதன்முறை கேட்டபோது நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சுருதி விலகுகிறது, தாளக்கருவிகள் முந்துகின்றன, கூடத்தின் எதிரொலி எல்லாவற்றையும் ஒரு கிணற்றுக்குள் தள்ளுகிறது. இரண்டாம் முறை கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அன்பை ஏற்கத் துணியாத தனியன் ஒருவனை நோக்கிய பாடலைச் சிறுமி ஒருத்தி தனியே பாடுகிறாள். பெரியவர்கள் அப்பாட்டில் ஏற்றும் கசப்பும் பாசாங்கும் அவளிடம் இல்லை. சொல்லை நம்பிப் பாடுகிறாள். அதனால் பாட்டும் புதிதாகிறது. குறைகள் குறைகளே, அவற்றை அழகு என்று புகழ்வது போலித்தனம். ஆனால் முழுமனத்துடன் பாடுவது என்னும் ஒன்று, சுருதி பிசகாத எத்தனையோ பதிவுகளில் இல்லாதது, இங்கே இருக்கிறது.

பெட்டியில் பதித்த தாளத்துடன் கூலிக்குழு வந்து திருவிழாப் பாடற்பூசையை நடத்திக்கொடுத்துப் போகும் இந்நாளில், நம் பங்கின் சொந்தக் குரல் எங்கே போயிற்று என்று கேட்கவும் இத்தட்டு நம்மைத் தூண்டுகிறது.

ஆடு

ஆடு வழிதவறியது, மறைந்து நின்றது, ஒருவர் தேடிப்போகவேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரப் பழம்பொருட் சந்தையில் டோரி ஹாதர் என்பவர் இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கேள்விப்பட்டிராத பாடகர் ஒருவரின் தட்டுகள் பல இருந்தன. உறையை விரித்து உருவியபோது கைக்கு வந்தது வினைல் அன்று, அட்டை. வட்டமாக வெட்டி, வரிகளையும் நடுத்தாளையும் வண்ணத்தால் தீட்டிய அட்டை. ‘மிங்கரிங் மைக்’ என்ற புனைபெயரில் ஒருவர் 1968 முதல் 1977 வரை, தமக்கென ஓர் இசை வாழ்வையே கற்பனை செய்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளை இவ்வாறு வரைந்திருந்தார். வியத்நாம் போர்க்காலத்தில் படைக்குத் திரும்பாமல் ஒதுங்கி வாழ்ந்த ஆண்டுகளும் அவற்றுள் அடங்கும். வாடகைக் கிடங்கில் அவர் வைத்திருந்தவை, வாடகை நிலுவையால் ஏலம் போய்ச் சந்தைக்கு வந்திருந்தன.

இவ்விடத்தில்தான் ஹாதர் மற்ற வேட்டைக்காரரிடமிருந்து வேறுபடுகிறார். கிடைத்ததைக் காட்டிச் சிரித்துவிட்டு அவர் அமையவில்லை. நண்பர் ஒருவருடன் சேர்ந்து அம்மனிதரையே தேடிப்போனார், கண்டார், அவர் நம்பிக்கையைப் பெற்றார். அவர் விரும்பியபடி அவருடைய உண்மைப் பெயர் வெளியிடப்படவில்லை. பின்னர் அப்படைப்புகளை ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் ஏற்று, 2015இல் கண்காட்சியாக வைத்தது. ஒலியே இல்லாத தட்டு ஒன்று, தன்னைச் செய்தவனைக் கூப்பிட்டுக் கொடுத்தது! கண்டெடுத்தலின் நிறைவு இதுவே என்போம்.

மகள்

மூன்றாவது நமக்கு மிக அண்மையானது. ஆகவே மிகக் கடினமானது. மேலைநாட்டுப் பழந்தட்டுப் பெட்டிகளைப் புரட்டுவோர் பலரும் எப்போதேனும் கண்டிருக்கக்கூடிய தட்டு, ‘பாடும் கன்னிகை’ என்று ஆங்கில உலகம் அழைத்த அருட்சகோதரியின் தட்டு. அது அரிய பொருளன்று. பெருந்தொகையாக விற்றதனாலேயே இன்று மலிந்து கிடக்கிறது.

ஜானின் டெக்கர்ஸ் 1933இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1959இல் வாட்டர்லூ அருகே பிஷர்மோன் மடத்தில் சாமிநாதர் சபை மறைபரப்புக் கன்னியருடன் சேர்ந்தார். மடத்தில் அவர் பாடிய பாடல்களை, தியானத்திற்கு வருவோர்க்குக் கொடுக்கும் எண்ணத்தில் பதிவு செய்ய மடத்தார் பிலிப்ஸ் நிறுவனத்தை நாடினர். ‘சிரிப்புச் சகோதரி’ என்று பொருள்படும் ‘சேர் சூரிர்’ என்னும் பெயரை ஏற்று அவர் பாடிய ‘தொமினிக்’, புனித சாமிநாதரைப் பற்றிய பிரெஞ்சுப் பாடல். அது 1963 திசம்பரில் நான்கு வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. தலைவர் கென்னடி கொல்லப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் கொள்கைத் திரட்டை அறிவித்ததும் அதே திசம்பர் 4ஆம் நாள்தான். தாய்மொழி வழிபாட்டிற்குத் திருச்சபை வாயில் திறந்த வாரத்தில், உலகம் ஒரு கன்னிகையின் பாட்டைப் பிரெஞ்சு தெரியாமலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பாடல் எளியது. கித்தார், ஒற்றைக் குரல், பல்லவியில் சேரும் சகோதரிகள். ஏழையாய் நடந்து, பாடிக்கொண்டே போதித்த புனிதரை அது சிறுவர் விளையாட்டுப் பாட்டின் துள்ளலில் சொல்கிறது. ஆழமான இறையியல் அதில் இல்லை, இறைமகிழ்ச்சி இருக்கிறது. சாமிநாதரின் போதனைப் போராட்டத்தை இத்தனை இலகுவாக்கலாமா என்று கேட்போர்க்கு விடையிறுப்பது கடினம். ஆயினும் அக்குரலின் நேர்மையை நாம் ஐயுறவில்லை.

தட்டின் மறுபக்கத்தைப் பார்ப்போம். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்திருந்த அவர் கையில் உரிமைத்தொகை சேரவில்லை. நிறுவனத்தின் பங்குபோக எஞ்சியது மடத்திற்குச் சென்றது. 1966இல் அவர் மடத்தை விட்டு வெளியேறினார். தம் புகழ்ப்பெயரைப் பயன்படுத்தவும் ஒப்பந்தம் தடையாய் நின்றது. பின்னர், தாம் தொட்டும் பாராத அப்பணத்திற்கு அரசு அவரிடம் வரி கேட்டது. மடத்திற்குக் கொடுத்ததை மெய்ப்பிக்கும் சான்றுகள் அவரிடமில்லை. 1982இல் அதே பாடலை மின்னிசைத் தாளத்தில் மீண்டும் பாடிப் பார்த்தார், கடன் தீரவில்லை. 1985 மார்ச்சு 29ஆம் நாள், 51ஆம் வயதில், தம் தோழியுடன் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

இத்தட்டைக் கையிலெடுத்து, ‘ஒரு கன்னிகை கித்தார் வாசிக்கிறாள், பார்’ என்று சிரிப்பவனைக் கண்டிப்பது எளிது. ஆனால் கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது. அவரது மகிழ்ச்சியை நாம் பயன்படுத்திக்கொண்டோம். அவரது துயரத்தில் நாம் எங்கிருந்தோம்? அவர் வீட்டைவிட்டுப் போனபின் எதிரே ஓடிவர யாரேனும் வாயிலில் நின்றோமா? உவமையின் இளைய மகனைப்போல் அவர் எதையும் ஊதாரித்தனமாய் அழிக்கவில்லை; கொடுத்துவிட்டே சென்றார். அதனால் நம் கடன் மேலும் கூடுகிறது. கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இவ்வாறு இறந்தோரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழத்தலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி கற்பிக்கிறது. அத்தட்டைக் கேட்பவன் செய்யத்தக்கது அந்த மன்றாட்டே.

விலையும் நீதியும்

இறுதியாக, விலையைப் பற்றிச் சில சொற்கள். 2015இல் பீட்டில்ஸ் குழுவின் வெள்ளை உறைத் தொகுப்பில் முதல் எண்ணிட்ட படி, ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போயிற்று. இரண்டாம் எண்ணிட்ட படியிலும் இசை அதுவேதான். ஏலம் எண்ணிற்கு விலை வைத்தது; பெட்டியோ பாட்டுக்கு விலையே வைப்பதில்லை. 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டு 4.1 கோடியும் குறுந்தட்டு 3.3 கோடியும் விற்றன. இம்மறுவாழ்வின் விளைவாக அறநிறுவனக் கடைகளும் இன்று விலைநிலவரம் பார்த்தே சீட்டு ஒட்டுகின்றன. முன்போல் ஒரு பவுண்டுக்குப் புதையல் கிடைப்பதில்லை என்று வேட்டைக்காரர் சிலர் குறைப்படுகின்றனர்.

இக்குறையில் நியாயமில்லை. பித்தளை என்றெண்ணி ஒருவன் பொன்னை விற்க, அது பொன் என்றறிந்தே வாங்குபவன் அநீதி செய்கிறான், ஈடு செய்யவும் கடமைப்பட்டவன் என்று புனித தாமஸ் அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் கற்பிக்கிறார். ஏமாளி வணிகனிடத்திலேயே இது பொருந்துமானால், ஏழைக்கென்று வைத்த கடையில் எவ்வளவு பொருந்தும்! அரிய தட்டை அற்ப விலையில் கண்டவன் உண்டியலில் எஞ்சியதை இட்டுச் செல்லட்டும். அதனால் அவன் கண்டெடுத்த இன்பம் குறைந்துபோகாது.

நம் நாட்டிலும் பங்கு இல்லங்களின் அலமாரிகளிலும் பழைய பாடகர் வீடுகளின் பரண்களிலும் ஒலிநாடாக்கள், தட்டுகள், கையெழுத்துப் பாட்டேடுகள் தூசி படிந்து கிடக்கக்கூடும். அவற்றைக் கழிப்பதற்குமுன் ஒருமுறை கேட்போம்; பாடியவர் யாரென்று முதியோரிடம் விசாரிப்போம்; அவர் உயிரோடிருந்தால் போய்ப் பார்ப்போம். காசைக் கண்டெடுத்த பெண் அதைத் தனியே வைத்துக்கொண்டு மகிழவில்லை. அண்டை வீட்டாரையும் அழைத்தாள்.