'கடைப்பிடித்தல்' மட்டும் போதுமா? தேசியக் கோட்பாட்டின் மூன்றாம் வரி – ஒரு திறனாய்வு



தேசியக் கோட்பாடு நம் பாடநூல்களில் அச்சாகியிருக்கிறது. தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் தொடங்கி எத்தனையோ முறை சொல்லியிருப்போம். மனப்பாடமான வரியை யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை, இல்லையா? இந்தக் கட்டுரையில் அதன் மூன்றாம் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு செய்யுளடியைத் திறனாய்வு செய்வதுபோல் சொல் சொல்லாகப் பார்ப்போம்.

மலாயில் அந்த வரிக்கு இரண்டே சொற்கள்: 'கெலுஹுரான் பெர்லெம்பாகான்'. தமிழ் வரியோ அரசியலமைப்புச் சட்டத்தை உறுதியாகப் பின்பற்றச் சொல்லி, 'கடைப்பிடித்தல்' என்ற சொல்லில் முடிகிறது. தமிழ் வரி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மூலத்தின் பொருளில் பாதிதான் அதற்குள் வந்திருக்கிறது என்பதே என் கருத்து. வெளியே நின்றுவிட்ட பாதி, தமிழ் படிக்கிற நமக்கு மிகவும் தேவையான பாதி.

சொல் என்ன சொல்கிறது?

'லுஹுர்' என்றால் உயர்ந்த, மேலான என்று பொருள். 'கெலுஹுரான்' உயர்வைக் குறிக்கும் பெயர்ச்சொல். யாருடைய உயர்வு? அரசியலமைப்பின் உயர்வு. அந்த வரியில் மனிதர் யாருமே இல்லை. ஒரு சட்டநூல் மேலே இருக்கிறது. மற்ற எல்லாம் அதற்குக் கீழே. அவ்வளவுதான் செய்தி.

தமிழில் 'கடைப்பிடித்தல்' தொழிற்பெயர். தொழிற்பெயர் வந்தால் செய்பவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். யார் கடைப்பிடிப்பது? சபைகூடலில் வரிசையாக நிற்கிற பிள்ளைக்கு விடை ஒன்றுதான்: 'நான்'. தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொள், சட்டையை உள்ளே விடு, அரசியலமைப்பைக் கடைப்பிடி. பள்ளி விதிகளோடு இன்னொரு விதியாக அது சேர்ந்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. ஒன்று 'உயர்த்திப் பிடித்தல்' என்ற பொருளில், மற்றொன்று 'மேலாண்மை நிலை' என்ற பொருளில். தமிழ் வரி முதல் வடிவத்துக்கு நெருக்கமானது. ஆனால் நான்காம் வரியைப் பாருங்கள். அதில் நம் தமிழாக்கம் 'ஆட்சி நடத்துதல்' என்று முடிகிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவர் ஆட்சி நடத்துபவர் என்பது அங்கே தெளிவாகவே இருக்கிறது. அந்தத் தெளிவு மூன்றாம் வரிக்குக் கிடைக்கவில்லை.

இந்த 'உயர்வு' எங்கே பிறந்தது?

நம்மை ஆண்ட பிரிட்டனில் இந்தக் கருத்து இல்லை. அங்கே அரசியலமைப்பு என்று ஒரே நூல் கிடையாது, நாடாளுமன்றமே உச்சம். எழுதிவைத்த ஒரு நூலை அரசாங்கத்துக்கு மேலே வைக்கும் முறையை ஒரு நாட்டு அளவில் செய்து காட்டியது அமெரிக்கா.

1776இல் விடுதலையை அறிவித்த 13 மாநிலங்கள் முதலில் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாகத்தான் இருந்தன. அதன் நடுவண் அமைப்புக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை. அது சரிவராமல், 1787இல் பிலடெல்பியாவில் 55 பேராளர்கள் கூடிப் புதிய அரசியலமைப்பை எழுதினார்கள். செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேர் கையொப்பமிட்டார்கள். சட்டம் இயற்றுவோர், நிருவாகம் செய்வோர், நீதி வழங்குவோர் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஒன்று தடுக்கும்படி வைத்தார்கள். குடிமக்களின் உரிமைகள் அதில் போதுமான அளவு இல்லை என்று பலர் சண்டை போட்டதால், 1791இல் 10 திருத்தங்கள் சேர்ந்தன. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 1803இல், மார்பரி வழக்கின் தீர்ப்பில் நிலைபெற்றது.

அந்த நூலைக் குறையற்றதாகக் காட்ட வேண்டாம். அடிமை முறையை அது அப்போது அனுமதித்தது. அதை ஒழிக்க உள்நாட்டுப் போரும் 1865ஆம் ஆண்டின் திருத்தமும் தேவைப்பட்டன.

இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு. ஆள்பவரைக் கட்டுப்படுத்தும் சிந்தனை நமக்குப் புதியதல்ல. திருக்குறளில் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம். சிலப்பதிகாரத்தில் தவறான தீர்ப்பு வழங்கிய பாண்டியன் உயிரையே விடுகிறான். ஆனால் அங்கே மன்னனைக் கட்டுப்படுத்துவது அறமும் அவன் மனசாட்சியும். மனசாட்சி இல்லாத மன்னன் வந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்குத்தான் எழுதப்பட்ட அரசியலமைப்பு விடை தேடுகிறது.

நம் நாட்டில்

மெர்லிமாவிலிருந்து கார் எடுத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் பண்டார் ஹிலிர் போய்விடலாம். 1956 பிப்ரவரி 20இல் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை பெறும் நாளை அறிவித்தது அங்குள்ள திடலில்தான். எதிரே பழைய மலாக்கா கிளப் கட்டடம் இன்று விடுதலை அறிவிப்பு நினைவகம்.

அதே ஆண்டில் ரீட் ஆணையம் வேலையைத் தொடங்கியது. தலைவர் ரீட் பிரபுவும் ஐவர் ஜென்னிங்சும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து பி. மாலிக், பாகிஸ்தானிலிருந்து அப்துல் ஹமீட். மலாயாக்காரர் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. ஆனால் 131 மனுக்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. 1957இல் அறிக்கை வந்தது. திருத்தங்களோடு அரசியலமைப்பு உருவானது.

அமெரிக்க நூல் மக்களின் பெயரால் பேசும் முகவுரையோடு தொடங்குகிறது. நம்முடையதற்கு முகவுரையே இல்லை. நேரடியாகக் கூட்டரசின் பெயருக்கும் மாநிலங்களின் பெயர்களுக்கும் போய்விடும். ஆனால் அமெரிக்கர்கள் நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக உறுதிசெய்துகொண்டதை நம் பிரிவு 4 வெளிப்படையாகவே சொல்கிறது. அரசியலமைப்பே நாட்டின் உச்சச் சட்டம். அதற்கு முரணாக இயற்றப்படும் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாட்டின் 'கெலுஹுரான்' நினைவூட்டுவது இதைத்தான்.

நமக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளும் சீனப்பள்ளிகளும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டன. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இப்பள்ளிகளுக்கு இடம் தரும் விதிகள், தேசிய மொழி பற்றிய பிரிவு 152க்கு எதிரானவை என்பது அவர்கள் வாதம். கவனியுங்கள், அவர்கள் கையில் எடுத்ததும் அரசியலமைப்பின் உயர்வைத்தான்.

பிரிவு 152 மலாய்மொழியைத் தேசிய மொழியாக்குகிறது. கூடவே, வேறு எந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ, அதிகாரப்பூர்வ நோக்கம் தவிர்த்துப் பயன்படுத்துவதையோ தடுக்கக் கூடாது என்கிறது. மொழியைக் கற்பிப்பதும் மொழியில் கற்பிப்பதும் ஒன்றா? இது வழக்கில் எழுந்த பெரிய கேள்விகளில் ஒன்று. இரண்டாம் வேற்றுமையா, ஏழாம் வேற்றுமையா என்று இலக்கணப் பாடத்தில் நாம் சாதாரணமாகக் கேட்போமே, அதே கேள்விதான். அந்த உருபில் நம் பள்ளிகளின் இருப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல. ஆகவே அங்கே தமிழ் பயன்படுவது அதிகாரப்பூர்வ நோக்கம் ஆகாது என்றது. 2023 நவம்பர் 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளிகளின் பக்கமே நின்றது. எப்போதும் இப்படி அமையும் என்று நினைக்க வேண்டாம். 1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் சீனமொழிப் பல்கலைக்கழகம் கேட்டவர்கள் தோற்றார்கள். அங்கே பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகக் கருதப்பட்டது. நூல் ஒன்றுதான், வாசிப்பு மாறினால் முடிவும் மாறும்.

உயரத்துக்கும் ஏணி உண்டு

'அரசியலமைப்பே உச்சம் என்றால் அதைத் திருத்திவிட்டால்?' என்று ஒரு மாணவர் கேட்டால் பாராட்டுங்கள். பிரிவு 159இன்படி, பெரும்பாலான திருத்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1957 தொடங்கி 2008 வரை ஏறக்குறைய எல்லாக் காலமும் அந்தப் பலம் ஆளுங்கூட்டணியிடமே இருந்தது. அமெரிக்காவில் திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் இசைவும் வேண்டும். 230 ஆண்டுகள் கடந்தும் அங்கே 27 திருத்தங்கள்தான். நம் நாட்டில் திருத்தச் சட்டங்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டன.

இதன் வலியைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். விடுதலை நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இம்மண்ணில் பிறந்தவர் பெரும்பாலும் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் வந்த திருத்தத்தால், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டியதாயிற்று. பெற்றோரிடம் முறையான ஆவணம் இல்லாத ஒரு லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். 1961இல் பிறந்த அண்ணனுக்கு இருக்கும் உரிமை 1963இல் பிறந்த தம்பிக்கு இல்லாமல் போகலாம். இருவருமே எல்லாச் சட்டத்தையும் ஒழுங்காகக் 'கடைப்பிடித்தவர்கள்'தான். கடைப்பிடித்தால் மட்டும் போதாது, நூலில் என்ன எழுதியிருக்கிறது, யார் மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

மாணவர்களே, தேர்வில் கோட்பாட்டை எழுதச் சொன்னால் பாடநூலில் உள்ளபடியே எழுதுங்கள். சொந்தமாக மாற்றி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். விளக்கச் சொன்னால் மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேருங்கள்: குடிமக்களைப் போலவே அரசாங்கமும் நாடாளுமன்றமும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவை. பிரிவு 4ஐச் சான்றாகக் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, 'கெலுஹுரான்' என்பதற்கு மாணவர்களையே தமிழ்ச்சொல் தேடச் சொல்லலாம். 'மேன்மை' என்றால் பாராட்டுபோல் ஒலிக்கிறது. 'மேலாண்மை' என்றால் இன்று நிருவாகம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'அரசியலமைப்பின் உயர்நிலை' எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. உங்கள் வகுப்பு இதைவிட நல்ல சொல்லைக் கண்டுபிடிக்கலாம். வரலாற்றுப் பாடத்தில் மலாயில் படிப்பதையும் நம் வகுப்பில் தமிழில் படிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புத் திறனாய்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

அடுத்த சபைகூடலில் மூன்றாம் வரி வரும்போது வழக்கம்போல் சொல்லுங்கள். 'யார் கடைப்பிடிப்பது?' என்று ஒரு பிள்ளை கேட்டால், பட்டியலில் முதல் பெயர் அரசாங்கம் என்று சொல்லிக்கொடுங்கள். தேர்வு எழுதும் அனைவருக்கும் வாழ்த்துகள்.