லயமும் லைனும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் போகிற ரோட்டில் இருக்கிறது கலகெதர. அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும், ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு உருவில் வந்து விழும். "நீங்க எந்த லயத்து ஆளு தம்பி?" என்று விசாரிக்கிற அக்கா, போனை எடுத்ததும் மகளிடம், "லைன் சரியில்ல புள்ள, பொறகு பேசுறேன்" என்பார். இரண்டும் ஒரே 'லைன்'தான்.

படைவீரர்களையும் கூலியாட்களையும் வரிசையாகக் குடிவைக்கிற கட்டடங்களுக்கு வெள்ளைக்காரர்கள் 'லைன்ஸ்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்கள் அதை எழுத்தில் பார்த்துப் படிக்கவில்லை. துரை வாயிலிருந்து காதால் வாங்கினார்கள். தாளத்துக்கும் ஒன்றிப்போவதற்கும் தமிழில் ஏற்கெனவே லயம் என்ற சொல் உண்டு. வந்த ஒலி அந்த அச்சிலேயே அமர்ந்துகொண்டது.

நான் மிகவும் ரசிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. மரம் மரத்தில் என்றாவதுபோல லயம் லயத்தில் என்றானது. லயத்து, லயத்துக்கு, லயங்கள் என்று தமிழ் இலக்கணம் அதற்கு முழு உரிமை கொடுத்துவிட்டது. பின்னால் டெலிபோனோடு வந்த லைனுக்கு அந்த 'த்து' கிடைக்கவில்லை. லைனில், லைனுக்கு என்றே நிற்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுவதை 'லைன் வீடு' என்கிறார்கள். பொருள் ஏறக்குறைய அதேதான், ஆனால் அங்கே சொல் உருமாறவில்லை.

லயத்துக்குள் போனால் இன்னும் சுவை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, அதாவது அறை. அது போர்த்துக்கீசச் சொல். முன்னால் இஸ்தோப்பு, அதாவது விறாந்தை, அது டச்சுக்காரர் விட்டுப்போனது. குருநாகல் பக்கமிருந்து கண்டிக்கு ஏறும் பழைய கணவாய்களில் கலகெதரவும் ஒன்று. போர்த்துக்கீசராலும் டச்சுக்காரராலும் கண்டி இராச்சியத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1815இல் ஆங்கிலேயருக்குத்தான் அது வாய்த்தது. சொற்களோ மூன்றும் மலையேறி ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. அந்தக் கூரையின் கீழ் குடும்பங்கள் பட்ட நெருக்கடியை இந்தச் சுவை மறைத்துவிடக் கூடாது.

ஆங்கிலச் சொல்லின் வேரும் நமக்கு அந்நியமில்லை. ஆளிச்செடிக்கு லத்தீனில் 'லீனும்'. அதன் நாரில் திரித்த நூல்தான் முதலில் லைன். மேசன் பாஸ் நூல் பிடித்துக் கல் வைக்கிறபோது அந்த ஆதிப் பொருளைத்தான் கையில் பிடித்திருக்கிறார்.

வரிசையில் நிற்பதற்கு இந்தச் சொல் இங்கே அவ்வளவாக ஒட்டவில்லை. 2022இல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நின்றது 'கியூ'வில்தான். அமெரிக்கர் லைன் என்பதை ஆங்கிலேயர் கியூ என்பார்கள். நாம் பழகியது ஆங்கிலேயரோடு.

பத்திரிகைகளில் 'லயன் அறை' என்று அச்சிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி உருவாக்கிய 'லயம்' இருக்கும்போது, அதையே அச்சிலும் ஏற்றலாம்.