பொறுப்பெடுத்த பிள்ளை

2009இல் போர் முடிந்த பிறகு, புலம்பெயர்ந்த தமிழர் பலர் இலங்கையின் வன்னியில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பெடுத்தார்கள். டொரன்டோவிலோ லண்டனிலோ இருந்து மாதாமாதம் ஒரு தொகை போகும். க.பொ.த. உயர்தரம் முடியும்வரை என்பது பேச்சு.

1945இலேயே இலவசக் கல்வி வந்த நாட்டில், பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தரும்போது, காசு எதற்கு? ரியூசனுக்குத்தான் முதலில். சாதாரண தரத்தில் கணிதம் கோட்டைவிட்டால் மேலே போகும் வழி ஒடுங்கிவிடும். பிறகு தூரம். உயர்தர விஞ்ஞானம் 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் உண்டு. 1சி வகை என்றால் கலை, வர்த்தகம் போன்றவைதான், விஞ்ஞானம் இல்லை. ஊர்ப் பள்ளி பதினோராம் ஆண்டோடு நின்றால் பஸ் காசு, இல்லாவிட்டால் விடுதி.

இவற்றைவிடப் பெரிய செலவு கணக்கில் வராதது. கட்டாயக் கல்வி 16 வயதோடு முடிகிறது. அந்த வயதுப் பொடியனை மேசன் வேலைக்கும் கடலுக்கும் கூப்பிட ஆளிருக்கும். தவறாமல் வரும் சிறு தொகை, 'அவன் படிக்கட்டும்' என்று சொல்லத் தாய்க்குத் துணிவு தருகிறது. ஒரேயடியாகக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் பெருந்தொகையால் இது ஆகாது. இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் இதுதான்.

பலவீனம் தெரிவிலேயே தொடங்குகிறது. கொடுப்பவருக்குக் கெட்டிக்காரப் பிள்ளை வேண்டும், முடிந்தால் டொக்டராகப்போகிற பிள்ளை. அதே வீட்டில் கணிதத்தில் தடுமாறும் தம்பிதான் முதலில் பள்ளியை விட்டு நிற்பான். அவன் பெயர் பட்டியலில் ஏறாது. வருட முடிவில் கடிதம் வேறு. 'அன்பின் மாமா, நான் நலம், வகுப்பில் மூன்றாம் பிள்ளை' என்று முகம் தெரியாதவருக்கு, ஒருங்கிணைப்பாளர் சொல்லச் சொல்ல எழுதுவது. கூடவே புதுச் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு படம். பதினைந்து வயதுப் பிள்ளையின் ஏழ்மை முகநூலில் ஏறினால் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள் என்பது கொடுப்பவர்களுக்கு உறைப்பதில்லை.

ஆனால் முகத்தை எடுத்துவிட்டால் காசும் நின்றுவிடும் என்கிறார்கள் காசைச் சேர்த்து அனுப்பும் சங்கக்காரர்கள். அதில் உண்மை இருக்கிறது. பொதுநிதிக்கு மாதாமாதம் அனுப்புவோர் குறைவு. என்றாலும் ஒரே ஆளை நம்பிய ஏற்பாடு அவர் வேலை போனதும் முறிகிறது, பெரும்பாலும் உயர்தரத்தின் நடுவில். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியபோது, வெளிநாட்டுக் காசில் தொகை பேசியவர்களின் பிள்ளைகள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். ரூபாயில் பேசிய இடத்தில் அதே தொகைக்கு வந்த சாமான் வெகுவாகக் குறைந்தது.

என் கணக்கில் பிள்ளையைத் தெரிவுசெய்வதைப் பாடசாலைக்கு விட்டுவிடலாம். கொடுப்பவருக்குப் பாடசாலையின் பெயரும் செலவுக் கணக்கும் போதும். உயர்தரத்தின் இரண்டு வருடக் காசு வங்கியில் சேர்ந்த பிறகே வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.