புதிய துவிச்சக்கர வண்டி

எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்ற 2022ஆம் வருஷத்தில், வீட்டுக் கோடியில் துருவேறிக் கிடந்த பழைய றலிச் சைக்கிளைத் துடைத்து ஓட்டத் தொடங்கியபோது உண்டான பிரியமே, கியர் பூட்டிய புதிய துவிச்சக்கர வண்டியொன்றை வாங்கும்படி இப்போது என்னைத் தூண்டிற்று. மேடு பள்ளமற்ற கரையோரத்தில் கியர் எதற்கென்று வாப்பா கேட்டார். மார்கழி வாடையை எதிர்த்து நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு மிதித்தவர்களுக்கே அதன் அருமை விளங்கும்: விரலால் லீவரைத் தள்ளியதும், சங்கிலி ஒரு கணம் தயங்கி, பின்னாலுள்ள சிறிய பல்சக்கரத்தினின்று பெரியதன்மேல் ஏறியமர, காலின் பாரம் சட்டென்று இளகிவிடுகிறது.

கிழமை நாட்களில் என்னையும் சோற்றுப் பார்சலையும் கந்தோருக்குச் சுமக்கும் அதே வண்டி, சனிக்கிழமை காலையில், தறிச் சப்தம் கேட்கும் மருதமுனைத் தெருக்களூடாகவோ, கிட்டங்கிக்கு அப்பாலுள்ள வயலோர மண்பாதைகளிலோ, அகன்ற டயர்களின் தயவால் ஆனந்தமாக உருள்கிறது. (தன் மகனுடைய முச்சக்கரச் சைக்கிள் குலுங்காதிருக்க டன்லப் என்பவர் சமைத்து, 1888இல் உரிமம் பெற்ற காற்றடைத்த டயருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்!) திரும்புகையில் கரைவலை இழுபடும் இடத்தில் இறங்கி, துடிப்படங்காத கீரி மீனைப் பையிலிட்டுக் கைபிடியில் மாட்டிக்கொண்டு, ஈர மணலில் வண்டியை மெல்ல உருட்டி வருவேன்.