நிமிர்ந்த குறிகள்

கவிதைக்கு மெய்ப்பு பார்ப்பவரைவிட, கணினி நூலுக்கு மெய்ப்பு பார்ப்பவரை நான் ஒரு படி மேலே வைப்பேன். கவிதையில் காற்புள்ளி இடம் மாறினால் வாசகர் சமாளித்துக்கொள்வார். லினக்ஸ் கட்டளையில் ஒரு கோடு கொஞ்சம் நீண்டுவிட்டால் கணினி சமாளிக்காது.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையையே எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொல்வதற்கு, அதை அடுத்து இரண்டு சிறு கோடுகள் (--) இட்டு 'ஆல்' என்று எழுதுவோம். இதை வலைத்தளத்தில் சாதாரணப் பத்தியாக எழுதினால், அதை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக (–) ஆக்கிவிடும். பார்வைக்கு லட்சணமாக இருக்கும். ஆனால் அதை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்யும் மாணவருக்கு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றுதான் பதில் வரும். கீபோர்டில் அடித்த நிமிர்ந்த " குறியும் இதேபோல வளைந்த “ ” ஜோடியாகிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் மேற்கோள்குறிதான். கணினிக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எழுத்துகள்.

தமிழில் இந்த மெய்ப்புக் கைவேலையை ரசிக்க நல்ல இடம் கணியம். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுத வேண்டும் என்று த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய மின்னிதழ் அது. து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்கள் அங்கிருந்து வந்தவை.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பற்றிய நூலுக்கு மெய்ப்பு பார்ப்பது நுணுக்கமான வேலை. அட்டவணையின் பெயரைச் சுற்றிச் சாய்ந்த ` குறி வரலாம். சேமிக்கும் மதிப்பைச் சுற்றி நிமிர்ந்த ' குறி வரும். இரட்டைக் கோட்டில் தொடங்கும் குறிப்பு வரியில், கோடுகளை அடுத்து ஓர் இடைவெளி கட்டாயம். பக்கத்தை அழகுபடுத்தும்போது அந்த இடைவெளி காணாமல் போனாலும் பிழைதான். இத்தனையும் ஒரு மயிரிழை அகலத்துக்குள் நடப்பவை.

எல்லா வளைந்த குறிகளையும் ஒரே வீச்சில் நிமிர்த்திவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கைத்திறன் தெரியும். அதே பக்கத்தில் விளக்கம் சொல்லும் உரைநடைக்கு வளைந்த குறிதான் அழகு. அதையும் நிமிர்த்தினால் பக்கம் வறண்டுவிடும். தேர்ந்தவர் முதலில் நிரல் பகுதிகளை நிரல் என்று தனியே குறித்துவிடுவார். அப்படிக் குறித்ததை வேர்ட்பிரஸும் தொடாது. அதன்பிறகுதான் குறிகளில் கை வைப்பார். எங்கே அழகு வேண்டும், எங்கே அழகே ஆகாது என்று வரிக்கு வரி தீர்மானிக்கும் இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது.

தமிழ் எழுத்துகளிலும் கண்ணி உண்டு. ஏழைக் குறிக்கும் ௭ என்ற தமிழ் எண்ணும் எ என்ற உயிரெழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம். 'மௌனம்' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'மெளனம்' என்று அடித்தாலும் படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது; தேடலில் மட்டும் சொல் சிக்காது. கண்ணால் பிடிக்க முடியாத இவற்றை யுனிகோடு எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

மின்னூல் கருவியின் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் இன்னொரு சோதனை. நீளமான லினக்ஸ் கட்டளை அங்கே மடங்கியே தீரும். பொருள் முறியாத இடம் பார்த்து, வரி முடிவில் \ இட்டு மடக்கினால், இரண்டு வரியையும் சேர்த்து ஒட்டினாலும் கட்டளை ஓடும். நல்ல மடிப்பு ஒன்றைப் பார்த்தால் நான் அந்தப் பக்கத்திலேயே கொஞ்சம் நின்றுவிடுவேன்.

தன் நூலின் இரண்டாம் பதிப்பு மெய்ப்பு கண்ணை உறுத்தியதால், கணினி அறிஞர் டொனால்டு குனூத் 1977-இல் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையே உருவாக்கத் தொடங்கினார். நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. கணியம் நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அடுத்த முறை ஒன்றைப் படிக்கும்போது கட்டளைகளை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஓடாத வரி இருந்தால், பக்க எண்ணோடு பதிப்பாசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.