பச்சை முக நிக்சனும் தேர்தல் நிதியும்

1972 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் மெக்கவர்னுக்கு நிதி திரட்ட ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஒரு திரையச்சுப் படம் செய்தார். படத்தில் மெக்கவர்ன் இல்லை. எதிராளி ரிச்சர்ட் நிக்சன் இருக்கிறார்: பச்சையும் நீலமும் ஏறிய முகம், மஞ்சள் உதடு, பின்னால் ஆரஞ்சு. கீழே கிறுக்கலான கையெழுத்தில் மெக்கவர்னுக்கு வாக்களிக்கச் சொல்லும் வரி. லாஸ் ஏஞ்சல்ஸின் ஜெமினி பதிப்பகம் 250 பிரதிகள் வெளியிட்டது. 1964 அதிபர் தேர்தலில் கோல்ட்வாட்டரின் முகத்தை வரைந்து அவருடைய எதிராளி ஜான்சனுக்கு வாக்குக் கேட்ட பென் ஷானின் சுவரொட்டிதான் இதற்கு முன்மாதிரி.

மெக்கவர்ன் மண்ணைக் கவ்வினார். 50 மாநிலங்களில் மாசசூசெட்ஸ் மட்டும் அவர் பக்கம் நின்றது. கூடவே தலைநகர் வாஷிங்டன். படமோ அருங்காட்சியகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. படம் வெளியானபின் வருமான வரித்துறை தன்னை விடாமல் துருவியதற்கு இந்தப் படமே காரணம் என்று வார்ஹோல் நம்பினார்.

இத்தகைய தேர்தல் படங்களை ஓவியச் சந்தைச் சரக்காக மட்டும் பார்ப்பவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதி, தேர்தல் நிதிச் சட்டத்தில் இருக்கிறது. வேட்பாளருக்காக விற்கும் படத்துக்குக் கொடுக்கும் முழு விலையும் சட்டப்படி நன்கொடை. 1974இல் வந்த திருத்தம், தனிநபர் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்றது. அப்புறம் ஒற்றை ஓவியத்தை ஒரு பெரும் பணக்காரரிடம் விற்று என்ன பயன்? அதையே அச்சாக்கி நூறு பேரிடம் விற்றால் நிதி சேரும். ஓவியர் கூலி வாங்காமல் தரும் உழைப்போ நன்கொடைக் கணக்கில் சேராது. கையொப்பமும் எண்ணும் இட்ட அச்சுப்படம் பிரச்சாரக் குழுக்களுக்கு வாகாக அமைந்தது இப்படித்தான். 1976இல் கார்ட்டருக்குப் படம் செய்த வார்ஹோல், 1980இல் அதே கார்ட்டரை உட்கட்சித் தேர்தலில் எதிர்த்த எட்வர்டு கென்னடிக்கும் செய்தார். அது 300 பிரதிகள். மேற்பரப்பில் வைரத்தூள் மினுங்கும்.

வாங்குபவரின் கண் முதலில் எண்ணுக்குப் போகும். 37/250 என்றால் 250 பிரதிகளில் 37 என்ற எண் இட்டது. ஓவியருக்கென ஒதுக்கிய பிரதிகள் தனிக் கணக்கு. தாளில் மையில்லாமல் அழுத்திய பதிப்பக முத்திரை, சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும். சில படங்களில் கையொப்பம் பின்பக்கம் இருக்கும். படச்சட்டத்தைக் கழற்றாமல் பேரம் பேசக் கூடாது. ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும் வெயிலில் நிறம் வெளிறியிருந்தாலும் விலை இறங்கிவிடும்.

2008இல் ஓவியர் ஷெப்பர்டு ஃபேரியின் ஒபாமா படம் வேறு வழியில் வந்தது. தாமாகவே அச்சிட்டு, 350 பிரதிகளை விற்றார். இன்னொரு 350ஐத் தெருவில் ஒட்டக் கொடுத்தார். விற்ற காசு அடுத்த அச்சுக்குப் போனது. 2006இல் எடுத்த செய்திப் புகைப்படம் ஒன்றே அதற்கு மூலம் என்பதால் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துடன் வழக்கு மூண்டு, 2011இல் சமரசமானது. அவ்வழக்கில் சான்றுகளைத் திரித்ததற்காக 2012இல் ஃபேரிக்கு 25,000 டாலர் அபராதம் விழுந்தது. இந்தக் கறையையும் சேர்த்தே அந்தப் படத்தைச் சேகரிக்க வேண்டும்.

சுவரில் ஒட்டியவை மழையில் கரைந்துவிட்டன. கையொப்பம் இல்லாத மலிவுப் பிரதிகளை ஏலக்கூடங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. வாக்காளர்கள் பார்த்தது அவற்றைத்தான் என்பதால், நல்ல சேகரத்தில் அவற்றுக்கும் இடம் வேண்டும். படத்தோடு வந்த ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். எந்தக் குழு, என்ன விலை, யார் தந்த பணம் என்ற விவரம் அதில்தான் இருக்கிறது.